‘கவனக்குறைவு’ என்று எழுதுவது யார்?

மலையகத்திலிருந்து வரும் பத்திரிகைச் செய்திகளுள் ஒன்று ஆண்டுக்காண்டு மாறுவதேயில்லை. ‘குளவி கொட்டியதில் தோட்டத் தொழிலாளர் பத்துப் பேர் வைத்தியசாலையில்’ என்பதே அது. தோட்டத்தின் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், சில வேளைகளில் ‘ஒருவர் பலி’ என்ற சொற்களும் சேரும். வசனம் மட்டும் அப்படியே இருக்கும். அந்த வசனத்தில் குளவி இருக்கிறது, தொழிலாளி இருக்கிறார், வைத்தியசாலை இருக்கிறது. தோட்ட நிர்வாகம் இல்லை. குளவிக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் இடையில் நடந்த ஒரு சொந்த விவகாரம் போல அது எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பெண் அந்த நேரத்தில் அந்த மலையில் அந்த நிரையில் நின்றது தன் விருப்பப்படி அல்ல. காலைப் பெரட்டில் பெயர் வாசித்து, இன்ன மலைக்கு இன்ன கங்காணியின் கீழ் என்று அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அந்த மலையை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை களை பிடுங்குவது, எந்தப் புதரை வெட்டுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். விபத்து நடந்த பிறகு இவர்கள் எல்லோரும் எங்கே போய்விடுகிறார்கள் என்பதைப் பற்றியே நாம் இங்கு எழுதுகிறோம்.

ஒரு மலை, ஒரு கூடு

நுவரெலியா மாவட்டத்தில் எமக்குப் பழக்கமான ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே கொழுந்து பறிக்கச் சென்ற பெண்களுள் பதினொரு பேரைக் குளவி கொட்டியது. மேற்பகுதி நிரையில் ஒருவர் செடியின் மட்டம் பார்க்க மட்டக்கம்பை வைத்த இடத்தில், இலைகளுக்கு உள்ளே, சிறிய பானை அளவில் கூடு இருந்தது. கூடையைக் கழற்றிவிட்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சரிவில் உருண்டவர்களுக்குக் குளவிக் கொட்டோடு கால் முறிவும் சேர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு மூச்சுத் திணறி, முகம் வீங்கி, பேச்சு நின்றது. கொழுந்து லொறி வரும்வரை அவரைப் பாதையோரத்தில் படுக்கவைத்திருந்தார்கள். லொறி கொழுந்தை இறக்கிவிட்டு வந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு லயத்தில் அவர்களைச் சந்தித்தபோது நாம் கேட்ட முதற் கேள்வி, அங்கே கூடு இருப்பது முன்பே தெரியுமா என்பதுதான்.

“தெரியாத ஆளே இல்லங்க. போன ரவுண்டுலயே பாத்தோம். கங்காணிகிட்ட சொன்னோம். கங்காணி கண்டாக்கையாகிட்ட சொன்னாரு.”

கங்காணியைக் கேட்டோம். தலையைச் சொறிந்துகொண்டு, “நான் சொல்லிட்டேன். சொல்றதுதானே என் வேலை?” என்றார். கண்டாக்கையா, தாம் அலுவலகத்தில் தெரிவித்ததாகவும் ஆள் ஒதுக்கவேண்டியது அலுவலகம் என்றும் கூறினார். அலுவலகத்தில், எழுத்து மூலம் எந்த முறைப்பாடும் வரவில்லை என்றார்கள். துரை மரியாதையாக எம்மை உட்காரவைத்து, தேநீர் தந்து, விளக்கமாகப் பேசினார். குளவி இயற்கை, காட்டை ஒட்டிய தோட்டத்தில் இது தவிர்க்க முடியாதது, பருந்து கொத்தினாலும் கூடு கலையும், பையன்கள் கல்லெறிந்தாலும் கலையும், களைநாசினியை அரசாங்கம் தடை செய்த காலத்திலிருந்து மலைகளெல்லாம் காடாகிவிட்டன, கம்பனியோ செலவைக் குறைக்கச் சொல்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு இறுதியில், “கூடு இருப்பது தெரிந்திருந்தும் இவர்கள் ஏன் அந்தச் செடியில் கைவைத்தார்கள்?” என்றார்.

தேநீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே பேச்சில் இரண்டு வாதங்கள் இருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கூடு இருப்பது எவருக்கும் தெரியாது, ஆகவே நிர்வாகம் பொறுப்பல்ல என்பது ஒன்று. கூடு இருப்பது தொழிலாளிக்குத் தெரியும், ஆகவே தொழிலாளியே பொறுப்பு என்பது மற்றொன்று. மலையில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிந்த விடயம் மலையை நடத்துபவருக்குத் தெரியாமற் போவது எப்படி?

மேலிருந்து கீழே பாயும் பழி

தோட்டத்தில் வேலைக் கட்டளை மேலிருந்து கீழே வருகிறது. துரை, சின்னத்துரை, கண்டாக்கையா, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி. இன்று எத்தனை கிலோ, எந்த மலை, எத்தனை மணிக்கு நிறுவை என்பதெல்லாம் ஒரு சொல்லும் சிந்தாமல் கீழே வந்து சேருகின்றன. மேலே போகவேண்டிய செய்தி மட்டும் படிக்குப் படி தேய்ந்து, அலுவலக வாசலில் இல்லாமற் போகிறது. தப்பித்தவறிப் போய்ச் சேர்ந்தாலும், ‘எழுத்தில் இல்லை’ என்ற ஒரு சொல்லில் அது செத்துவிடுகிறது. கூடையும் மட்டக்கம்பும் கொண்டு மலைக்குப் போகிறவரிடம் எழுத்து மூலமான முறைப்பாட்டை எதிர்பார்ப்பவர்கள், அதை எழுதுவதற்கு ஒரு புத்தகத்தைப் பெரட்டுக் களத்தில் வைத்திருக்கிறார்களா என்று பார்த்தோம். வைக்கவில்லை.

நாம் சந்தித்த பெண்களுள் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறோம். “போகாட்டி பேரு இல்ல. போனா கவனமில்லேங்கிறாங்க. அப்ப நாங்க எங்கதாங்க நிக்கிறது?”

தோட்டத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ‘பேர்’ என்பது ஒரு நாட் சம்பளம். குறித்த நிறை கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கூடு உள்ள நிரையில் இறங்கமாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் அது கட்டளையை மீறியதாகும், அன்றைய பேரும் போகும். இறங்கிக் கொட்டு வாங்கினால் அது கவனக்குறைவு. பதினொரு பேரையும் குளவி கொட்டியது காலை பத்து மணியளவில். அவர்களுக்கு அன்று போடப்பட்டது அரைப்பேர். பறித்த கொழுந்து அவ்வளவுதானே என்று கணக்கு. குளவி கொட்டிய நேரத்தையும் தொழிலாளியின் கணக்கிலேயே கழித்திருக்கிறார்கள். கொட்டியதை விட இதுவே தமக்கு அதிகம் வலித்தது என்று இருவர் கூறினர்.

விபத்து அறிக்கையில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. அலுவலகத்தில் அதை நிரப்பியவர் விபத்து நடந்த மலைக்குப் போகவில்லை. கூட்டைப் பார்க்கவில்லை. கொட்டு வாங்கிய எவரையும் விசாரிக்கவுமில்லை. எழுதியிருந்த சொல் ‘கவனக்குறைவு’. அதன் கீழே ஒரு பெண் கையொப்பம் வைத்திருந்தார். எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டோம். மருந்துச் செலவுக்கு என்று சொன்னார்களாம்.

நேற்று வந்த கூடா?

கூடு ஒரே இரவில் வந்துவிடும், எவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது நிர்வாகங்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம். இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வது தொழிலாளருக்குப் பெரிதும் பயன்படும்.

தோட்டத்தில் கொட்டுவதையெல்லாம் ‘குளவி’ என்றுதான் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பெருந்தேனீ. உயர்ந்த மரக்கிளையின் அடியிலோ பாறையின் நெற்றியிலோ ஒரே ஒரு பெரிய அடையாகத் தொங்கும். அடையை மூட உறை எதுவும் கிடையாது, தேனீக்களே அதைப் போர்வை போல மூடியிருக்கும். இவை பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்பவை. கூட்டமாக வந்து ஒரே நாளில் ஒரு கிளையைப் பிடித்துக்கொள்ளும். இவற்றைப் பற்றி ‘நேற்று இல்லை, இன்று இருக்கிறது’ என்று சொன்னால் நம்பலாம்.

மற்றது, சிங்களத்தில் ‘தெபரா’ எனப்படும் குளவி. இது மரநாரை மென்று, காகிதம் போன்ற சாம்பல் நிற உறையுடன் கூடு கட்டும். தேயிலைச் செடிக்குள்ளும் புதரிலும் மரக்கிளையிலும் கட்டும். ஒரே ஒரு தாய்க் குளவி தனியாகத் தொடங்கி, குஞ்சு பொரித்து, அவை வேலைக்கு வந்த பிறகுதான் கூடு பெருக்கும். பானையளவு கூடு ஒன்று நேற்று வந்திருக்க முடியாது. அதற்குப் பல கிழமைகள், சில மாதங்கள்கூடச் செல்லும். கொழுந்து ரவுண்டுகள் பல அந்தச் செடியைக் கடந்து போயிருக்கும். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அதே நிரையில் நடந்திருப்பார்கள்.

ஆகவே விபத்து நடந்தவுடன் கொட்டியது எது, கூடு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்வது அவசியம். நாம் சொன்ன தோட்டத்தில் இருந்தது காகித உறைக் கூடு. துரையிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தாம் பூச்சியியல் படிக்கவில்லை என்றார். மலையில் வேலை செய்யும் பெண்களும் படிக்கவில்லை. ஆனால் போன ரவுண்டில் கண்டதைப் போன ரவுண்டிலேயே சொல்லியிருந்தார்கள்.

களை பற்றிய வாதத்தையும் நாம் தட்டிக்கழிக்கவில்லை. கிளைபொசேற் களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டு, தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டு, அதே ஆண்டின் இறுதியில் அத்தடை தளர்த்தப்பட்டது. இவற்றால் தோட்டங்கள் இடர்ப்பட்டது உண்மை. ஆனால் களைநாசினி வருவதற்கு முன்பும் தேயிலை வளர்ந்தது. கையால் களை பிடுங்கினார்கள், மண்வெட்டி பிடித்தார்கள். அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் பேர் போடவேண்டும். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின் எங்கே செலவைக் குறைக்கலாம் என்ற கணக்கில் முதலில் வெட்டப்பட்டது களைவேலையே என்று வயதான தொழிலாளர் எம்மிடம் கூறுகின்றனர். மலை காடாவது மழையைப் போலத் தானாக நேர்வதல்ல. செலவுக் கணக்கில் ஒருவர் போடும் கோட்டில் அது தொடங்குகிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எவரும் எழுதுவதில்லை.

சட்டம் கேட்கும் கேள்வி வேறு

தொழிலாளருட் பலரும், நாம் பேசிய தொழிற்சங்கத் தலைவர்களுட் சிலரும்கூட, ‘கவனக்குறைவு’ என்று அறிக்கையில் எழுதப்பட்டுவிட்டால் நட்டஈடு கிடைக்காது என்று நம்புகிறார்கள். அந்தச் சொல்லுக்கு இருக்கும் பலமெல்லாம் இந்த நம்பிக்கைதான். இது தவறான நம்பிக்கை.

நூறாண்டுகளுக்கு முன் நிலைமை அப்படித்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வேலையில் காயமடைந்தவர் நட்டஈடு பெறவேண்டுமானால், முதலாளியின் பிழையை அவரே நிரூபிக்கவேண்டும். முதலாளிக்கோ தப்பிக்கப் பல வாசல்கள். தொழிலாளியும் கவனமில்லாமல் இருந்தார் என்பது ஒன்று. ஆபத்தைத் தெரிந்துகொண்டே வேலைக்கு வந்தார் என்பது மற்றொன்று. உடன் வேலை செய்த இன்னொரு தொழிலாளியின் பிழை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வாசல் 1837இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில் பிறந்தது. அங்கே ஓர் இறைச்சிக் கடைக்காரரின் வேலையாள், பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடை முறிந்ததற்கு நட்டஈடு கேட்டுத் தோற்றார். எமது துரையின் பேச்சை மீண்டும் படித்துப் பாருங்கள். மூன்று வாசல்களும் அதில் இருக்கின்றன.

இந்த வாசல்களால் விதவைகளும் ஊனமுற்றோரும் தெருவில் நின்றதைப் பார்த்த பிறகே சட்டம் மாறியது. ஜெர்மனியில் 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தது. பிரித்தானியாவில் 1897இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. அதன்பின் முதற் கேள்வி ‘யாருடைய பிழை?’ என்பதல்ல. ‘வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்ததா?’ என்பதே கேள்வி. எமது நாட்டின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஆம் என்றால் முதலாளி நட்டஈடு செலுத்தவேண்டும். அவர் பிழை செய்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை.

விதிவிலக்குகள் உண்டு. மதுபோதையில் இருந்ததால் விபத்து நேர்ந்திருந்தால், பாதுகாப்புக்காக வெளிப்படையாக இட்ட கட்டளையை அல்லது விதியை வேண்டுமென்றே மீறியிருந்தால், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியிருந்தால் முதலாளி தப்பலாம். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கவனக்குறைவு இந்தப் பட்டியலில் இல்லை. கூடு உள்ள நிரைக்குப் போகாதே என்று எவரும் கட்டளையிடாத மலையில், போ என்று கட்டளையிட்ட மலையில், எந்தக் கட்டளையை அந்தப் பெண் மீறினார்?

தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. இயந்திரப் பட்டியின் காப்பு கழன்று மாதக்கணக்காக மூலையில் கிடக்கும். கை சிக்கிய பிறகு, காப்பைத் தொழிலாளியே கழற்றினார் என்ற பேச்சு எழும். மேலே சொன்ன மூன்றாவது விதிவிலக்கு ஞாபகத்துக்கு வந்திருக்கும் போலும். ஆனால் தொழிற்சாலைக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு அடைப்பு இடவேண்டியது தொழிற்சாலையை நடத்துபவரின் கடமை என்று அது சொல்கிறது. பரிசோதிக்கத் தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். கொழுந்து மலைக்கு அந்தச் சட்டம் எட்டாது. அதே தோட்டம், அதே நிர்வாகம், அதே தேயிலை. தொழிற்சாலை வாசலுக்கு வெளியே வந்தவுடன் பரிசோதகர் இல்லை. தொழிலாளருள் பெரும்பாலானோர், அதிலும் பெண்கள், இருப்பது வெளியேதான்.

சட்டம் பற்றிப் பேசும்போது எமக்குப் பாதகமானதையும் மறைக்கக்கூடாது. குளவிக் கொட்டு ‘வேலையின் காரணமாக’ நடந்ததா என்ற கேள்வி எழலாம். இங்கிலாந்தில் முன்பு அமிஸ் எதிர் பார்ட்டன் என்ற வழக்கு தீர்க்கப்பட்டது. போரடிக்கும் இயந்திரத்தோடு வேலை செய்த ஒருவர் குளவி கொட்டி இறந்தார். குளவி எவரையும் எங்கேயும் கொட்டலாம், அந்த வேலை அவரை மற்றவர்களை விட அதிக ஆபத்துக்கு உட்படுத்தியதாகக் காட்டப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்தது. எமது சட்டத்தின் அடிப்படைச் சொற்கள் அந்நாட்டுச் சட்டத்திலிருந்து வந்தவையாதலால், இதே வாதத்தை எவராவது இங்கும் கொண்டுவரலாம்.

அதற்குரிய பதிலும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த வேலை அவரை அதிக ஆபத்துக்கு உட்படுத்தியதா என்பதுதானே கேள்வி? செடிக்குள் கைவிட்டுப் பறிப்பதே வேலையாக இருக்கும்போது, அந்தச் செடியில் கூடு இருப்பது முன்பே தெரிவிக்கப்பட்டிருக்கும்போது, பாதையால் போகும் ஒருவருக்கு உள்ள ஆபத்தும் பறிப்பவருக்கு உள்ள ஆபத்தும் ஒன்றாகுமா? ஆனால் இதைச் சொல்ல, தெரிவித்ததற்கு அத்தாட்சி வேண்டும். ‘சொன்னோம்’ என்பது போதாது. எப்போது, யாரிடம், எந்த மலை, எந்த நிரை என்று இருக்கவேண்டும்.

2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின் இச்சட்டத்தின் கீழ் அதிகபட்ச நட்டஈடு 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் உள்ளடக்கப்பட்டன. ஓரிரு நாள் வேலையிழப்புக்கு இச்சட்டத்தின் கீழ் எதுவும் கிடைக்காது. நீண்ட நாள் வேலைக்குப் போகமுடியாதவர்களுக்கும், நிரந்தர ஊனமடைந்தவர்களுக்கும், இறந்தவரில் தங்கியிருந்தோருக்கும் கிடைக்கும். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில் உள்ளது. அருகிலுள்ள தொழில் அலுவலகத்திலும் விபரம் கேட்டறியலாம். விபத்தைப் பற்றித் தாமதியாமல் நிர்வாகத்துக்கு அறிவிப்பதும், வைத்தியசாலையில் தந்த துண்டுகளைப் பத்திரமாக வைப்பதும் அவசியம். படித்துப் பாராத எந்தக் கடதாசியிலும் கையொப்பமிட வேண்டாம். மருந்துச் செலவுக்கு என்று சொன்னாலும் சரி.

கொட்டியவுடன்

மருத்துவ விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தேனீயின் கொடுக்கு தோலில் தங்கிவிடும், நகத்தாலோ அட்டையாலோ உடனே சுரண்டி எடுக்கவேண்டும். குளவி கொடுக்கை விடாது, ஆனால் ஒன்றே பலமுறை கொட்டும். கொட்டிய இடத்திலேயே நின்று கையை வீசினால் மேலும் வரும், ஆகவே தூரம் ஓடவேண்டும். வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடவேண்டும். சிலருக்கு ஒரே கொட்டிலும் சில நிமிடங்களில் மூச்சு அடைத்து உயிர் போகலாம். அவர்களைக் காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் ஓரிரு நாளில் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆகவே வைத்தியசாலையில் தங்கச் சொன்னால் தங்கவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கொழுந்து இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தோட்ட மருந்தகத்தில் அந்த ஊசி இருக்கிறதா, போடத் தெரிந்தவர் வேலை நேரத்தில் இருக்கிறாரா என்பதை வாசகர்கள் தத்தம் தோட்டத்தில் விசாரித்துப் பார்க்கலாம். நாம் கேட்ட இடத்தில், ஊசி கேட்டு எழுதியிருப்பதாகவும் மேலிடத்திலிருந்து வரவில்லை என்றும் சொன்னார்கள். மேலிடம் எது என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை.

ஒரு நாற்பது பக்கக் கொப்பி

அந்தத் தோட்டத்துப் பெண்கள் இப்போது ஒரு வேலை செய்கிறார்கள். லயத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையிடம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. மலையில் கூடு கண்டவர் மாலையில் வந்து சொல்ல, பிள்ளை எழுதுகிறது. தேதி, மலையின் இலக்கம், எந்தப் பக்கம், உறை உள்ளதா இல்லையா, யாரிடம் சொன்னது, அவர் என்ன சொன்னார். கிழமைக்கொரு முறை அதைப் பிரதி செய்து தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் கையொப்பமிட்டு அலுவலகத்தில் கொடுக்கிறார்கள். முதல் முறை அலுவலகம் வாங்க மறுத்தது. இரண்டாம் முறை பதிவுத் தபாலில் போட்டார்கள். தோட்டத்துக்குள்ளேயே அரை மைல் தூரத்துக்குப் பதிவுத் தபாலா என்று தபால்காரர் சிரித்தாராம். மூன்றாம் முறையிலிருந்து அலுவலகத்தில் வாங்கி, திகதி முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள்.

தொழிற்சங்கங்களிடையே இதிலும் கொஞ்சம் இழுபறி இருந்தது. கொப்பி எந்தச் சங்கத்தினுடையது என்று ஒரு கேள்வி வந்தது. குளவி சங்கம் பார்த்துக் கொட்டுவதில்லை என்று மாதர் தலைவி சொன்னதோடு அது முடிந்தது.

கொப்பியில் எழுதிய முதல் எட்டுக் கூடுகளுள் ஐந்து அகற்றப்பட்டுள்ளன. இரவில், பழக்கமுள்ள ஆட்களை வைத்து, முகமூடியும் தடித்த உடுப்பும் கொடுத்து அகற்றினார்கள். முன்பெல்லாம் ஒரு பேர் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, பகலில் ஓர் இளைஞனை வெறும் தீப்பந்தத்தோடு அனுப்புவது வழக்கம். அதிலும் கொட்டு வாங்கினால் அது அவனுடைய துணிச்சல் என்று சொல்லப்பட்டது. இரண்டு கூடுகள் பெருந்தேனீ. அந்தப் பக்கத்து நிரைகளைப் பறிக்காமல் விட்டு, செடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். சில கிழமைகளில் அவை தாமாகவே போய்விட்டன. ஒன்று இன்னும் இருக்கிறது.

அரைப்பேர் விவகாரம் பேச்சுவார்த்தைக்குப் பின் முழுப்பேராகத் திருத்தப்பட்டது. காலை பத்து மணிக்கு மேல் அவர்கள் வேலை செய்யாததற்கு அவர்கள் காரணமல்ல என்பதை நிர்வாகம் எழுத்தில் ஏற்கவில்லை. ‘மனிதாபிமான அடிப்படையில்’ என்று எழுதிக் கொடுத்தது. பெண்கள் பணத்தை வாங்கிக்கொண்டார்கள், அந்தச் சொற்றொடரைப் பற்றித் தமக்குள் நிறையச் சிரித்தார்கள்.

மூச்சுத் திணறிப் பாதையோரத்தில் கிடந்த பெண் பதினேழு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தார். பின்பும் இரண்டு மாதம் மலைக்குப் போக முடியவில்லை. அவருக்கான நட்டஈட்டு விண்ணப்பம் அனுப்பப்பட்டிருக்கிறது. நிர்வாகத்தின் பதிலில், விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று மீண்டும் குறிப்பிடப்பட்டுள்ளது. அதோடு, கூடு பற்றி முன்னறிவித்தல் எதுவும் கிடைக்கவில்லை என்றும் சேர்த்திருக்கிறார்கள். கொப்பி அந்த விபத்துக்குப் பின்னரே தொடங்கியதால் எழுத்துச் சான்று இல்லை. போன ரவுண்டில் தம்மிடம் சொன்னார்கள், தாம் மேலே சொன்னோம் என்று சாட்சியமளிக்கக் கங்காணி சம்மதித்திருக்கிறார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. விசாரணைக்கு அழைப்பு வரும்வரை அவரை எந்த மலைக்குப் போடுகிறார்கள் என்பதைக் கொப்பியில் குறித்துவருகிறார்கள்.